அல்லிச்சாமியின் புகைபோக்கி

மறுபடியும் மேகம். ஒரே ஒரு நிமிடம் பொறுத்தால் போதும் என்று அந்தக் கிழவர் சொல்லி இருபது நிமிடங்கள் ஆகிவிட்டன. நானும் மருமகனின் கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கால்வாய்ப் பாலத்தின் ஈரமான கற்சுவரில் முழங்கையை ஊன்றி, இடது கண்ணை மூடியபடி நிற்கிறேன். எழுபத்தாறு வயதில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நிற்பது எளிதன்று. மூடிய கண்ணைப் பார்த்து மற்றதும் மூடிக்கொள்ளத் தவிக்கிறது. கால்வாய்க்கு அப்பால், பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலையின் கூரைக்கு மேலே, அந்தப் புகைபோக்கி. நூறாண்டுப் புகை படிந்து கருத்த செங்கல் தூண். அதன் உடம்பில் மேலிருந்து கீழாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, வெள்ளைச் செங்கற்களால் எட்டு ஆங்கில எழுத்துகளைப் பதித்திருக்கிறார்கள். ஆலிஷம். இந்த இங்கிலாந்து ஊரின் பெயர். எட்டு எழுத்தும் ஒருசேரத் தெரியும் இடம் இந்தப் பாலத்தில் இரண்டடி அகலம்தான். இடப்பக்கம் நகர்ந்தால் மரம் மறைக்கிறது, வலப்பக்கம் நகர்ந்தால் ரயில் பாலம் மறைக்கிறது. அந்த இரண்டடியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் வெயில் படாதபோது வெள்ளைச் செங்கல்லும் கருத்த செங்கல்லும் ஒரே சாம்பல் நிறம். கரும்பலகையைச் சரியாகத் துடைக்காமல் அதன்மேலேயே எழுதிவைத்ததுபோல் இருக்கிறது. என் வகுப்பில் எவரையும் அப்படி எழுத விட்டதில்லை. கைக்கடிகாரத்தில் இரண்டு நாற்பது. கோயம்புத்தூரில் இப்போது மாலை ஏழு பத்து. எட்டு மணிக்கு அச்சகத்து நஞ்சப்பன் அச்சுக்குப் பிளேட் போட்டுவிடுவான். "எட்டுக்கு மேல ஒரு நிமிசம் தாங்காதுங்க டீச்சர், மிசினு அடுத்த வேலைக்குப் போயிரும். முப்பத்திரண்டாம் பக்கத்துல அந்தக் கட்டுரை வருதா, நகைக்கடை விளம்பரம் வருதா, எட்டுக்குள்ள சொல்லிப்போடுங்க." அச்சகக்காரன் எனக்குக் கெடு வைக்கிறான். எங்கள் பள்ளியின் பவள விழா மலருக்கு நான் பதிப்பாசிரியர்; மெய்ப்புத் தாளில் என் பெயரையே மங்கையர்கரசி என்று க் இல்லாமல் அடித்து அனுப்பியவன் அவன். ஆட்சியரின் பாராட்டுச் சான்றிதழிலும் அப்படித்தான் இருந்தது. திருப்பி அனுப்பி, ஒற்றுடன் எழுதி வாங்கினேன். ஓர் ஒற்று விட்டால் அந்தச் சொல்லைப் பத்து முறை எழுத வேண்டும். அது என் வகுப்பின் சட்டம். தலைமையாசிரியையின் மகளுக்கும் அதே பத்துதான்.

"வந்துரும், லவ்," என்கிறார் கிழவர். மடக்கு நாற்காலியில் அமர்ந்து குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நார்மன் என்று பெயர். பதினொரு ஆண்டுகளாக வாரந்தோறும் வந்து இந்த ஒரே புகைபோக்கியைப் படம் பிடிக்கிறாராம். அவருடைய தாயார் இந்தத் தொழிற்சாலையில் இருந்தவராம். முதன்முதலில் ஒரு பேருந்து ஓட்டுநர் என்னை லவ் என்றபோது நான் திடுக்கிட்டு, இறங்கியதும் மகள் கயல்மொழியிடம் முறையிட்டேன். அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "அம்மா, இங்க எல்லாருக்கும் அதுதாம்மா. நம்மூர்ல கண்ணுன்னு சொல்றாப்ல." என்னைக் கண்ணு என்று அழைத்தவர்களும் நெடுங்காலமாக இல்லை, எல்லாருக்கும் நான் டீச்சர்தான். இந்த மனிதர் பேசும் ஆங்கிலம் நான் இலக்கண நூலில் படித்த ஆங்கிலம் அன்று. பாதி எழுத்துகளை விழுங்குகிறார். மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டுதான் புரிந்துகொள்கிறேன். என்ன செய்தாலும் அது கொங்குத் தமிழாகவே வந்து விழுகிறது. "இந்த ஊர்ல வெயிலக் கேட்டு வாங்க முடியாது கண்ணு. தானா வந்தாத்தான்." முதல் நாளே அவர் தம்முடைய படம் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். பளிச்சென்ற வெயிலில், எட்டு எழுத்தும் பல் வரிசைபோல் தெரியும் படம். வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தவர் விடைத்தாளைப் பார்த்து எழுதும் பழக்கம் எனக்கில்லை. சான்று வேண்டும் என்று கேட்டவள் நான். சான்றை நான்தான் எடுக்க வேண்டும். இன்று நான்காவது வருகை. முதல் முறை மழை. இரண்டாம் முறை கேமராவின் கண்ணுக்குப் போட்டிருந்த மூடியைக் கழற்றாமலேயே பதினான்கு படங்கள் எடுத்திருக்கிறேன். மூன்றாம் முறை இந்த இரண்டடி இன்னும் பிடிபடாமல் கீழே மதகடிக்குப் போய், ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் நின்று எடுத்தேன். வளைவு மேற்பாதியை வெட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் தெளிவாக, மிகத் தெளிவாக நிற்கின்றன: ஷாம். அகராதி வேண்டியதில்லை, எனக்கே தெரியும். போலி, பொய்வேடம். என் மருமகன் இருமுவதுபோல் எழுந்து போனான். அதை அவளுக்கு அனுப்பியிருந்தால்! நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து, டீச்சரிடமிருந்து ஒரு படம், அதில் பெரிய எழுத்தில் போலி.

அவள் என்றால் பட்டத்தரசி. எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு, இரண்டாவது வரிசை, சன்னலோரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு. மில் தொழிலாளி ஆறுச்சாமியின் மகள். மாவட்டக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு 'என் தந்தையின் தொழில்'. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுதினார்கள். நாற்பத்தொரு கட்டுரைகள் ஒரே கட்டுரை. என் தந்தை அதிகாலையில் எழுவார், என் தந்தை கடுமையாக உழைப்பார், உழைப்பே உயர்வு தரும். நாற்பத்திரண்டாவது இப்படித் தொடங்கியது. இன்னும் எனக்கு மனப்பாடம், மறந்து தொலைக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். 'எங்கள் வீட்டுக்கு இரண்டு சாமிகள். மருதமலைச் சாமியை நாங்கள் வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். அல்லிச்சாமியை அப்பா தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கிறார். மருதமலைச் சாமி வரம் கொடுக்கும் என்கிறார்கள். அல்லிச்சாமி நூல் கொடுக்கும்.' நான் சிவப்பு மையால் அல்லிச்சாமியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: அப்படி ஒரு தெய்வம் இல்லை, சொற்பிழை. மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பினேன். "இது யாருடைய குலதெய்வம்?" "தெய்வம் இல்லைங்க டீச்சர். மிசினுங்க. நூல் நூக்கற மிசினுங்க." "அதற்கு யார் இந்தப் பெயரை வைத்தது?" "தெரியலைங்க. எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க." "எல்லாரும் சொன்னால் சொல்லாகிவிடுமா? நூற்பு இயந்திரம் என்று மாற்று. மாவட்டத்துக்கு உன்னுடையதைத்தான் அனுப்பப் போகிறேன்." அவள் பாவாடையைக் கைக்குள் சுருட்டினாள். "மாத்த மாட்டேனுங்க டீச்சர். எங்கப்பன் நூற்பு இயந்திரத்துல வேலை செய்யலைங்க. அல்லிச்சாமியிலதானுங்க." வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் எவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டு "அல்லிச்சாமிக்கு அரோகரா" என்றாள். நான் மேசையைத் தட்டினேன். "அப்படியென்றால் ஆதாரம் காட்டு. காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்." வேறொரு கட்டுரையை அனுப்பினேன். பிழையே இல்லாத கட்டுரை. மூன்றாம் பரிசுகூட வரவில்லை. நடுவர்களைக் குறை சொன்னேன்.

மேகம் சற்றே விலகுகிறதா? இல்லை, அது வேறொரு மேகத்துக்கு இடம் விடுகிறது. விரல்கள் விறைத்துவிட்டன. மே மாதத்தில் கையுறை அணியும் நாட்டில் பஞ்சு எப்படி நூற்றார்கள், ஈரக்காற்று நூலுக்கு நல்லது என்கிறார் நார்மன், எனக்கு நல்லதில்லை. தண்ணீரில் இரண்டு வாத்துகள் என்னைப் பார்த்தே கத்துகின்றன. ஆதாரம், ஆதாரம் என்று கத்துவதுபோல் இருக்கிறது. அந்த ஆதாரத்தை அவள் அப்பா கொண்டுவந்தார், அதுதான் இத்தனையிலும் முள்ளாக நிற்பது. மறுநாளே வந்தார். இரவு ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்; புருவத்திலும் காதோர மயிரிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வகுப்பு வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "டீச்சருங்க, புள்ள சொன்னது மெய்தானுங்க. மிசின் தலைமாட்டுல இரும்புத் தகட்டுல பேரு வார்த்திருக்குதுங்க. இங்கிலீசுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க ஒருக்கா வந்து படிச்சுச் சொன்னீங்கன்னா..." பாடவேளையில் வந்து நிற்காதீர்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூட வாசல் தாண்டும்வரை போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் புரட்டாசியில் ஆயுத பூசைக்கு மில்லில் ஆசிரியைகளை அழைத்தார்கள். போனேன். நீண்ட கூடம். வரிசை வரிசையாக இயந்திரங்கள், அன்று மட்டும் ஓசையற்று. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மாலை, திருநீறு, சந்தனம். ஆறுச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், புதுச்சட்டை. "டீச்சர், இதுதானுங்க. படிச்சுச் சொல்லுங்க." நீள்வட்டத் தகடு ஒன்று. அதன்மேல் சந்தனம். விரல் கனத்துக்கு வழித்து அப்பியிருந்தார்கள். எழுத்துகளின் பள்ளமெல்லாம் நிரம்பி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. "சந்தனம் மூடியிருக்கிறதே," என்றேன். அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூசை போட்ட சந்தனத்தைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை. எனக்கு என்ன தடை? கைக்குட்டை இருந்தது. ஒரு விரல் போதும். ஆனால் யாரோ பொரிப் பொட்டலத்தை நீட்டினார்கள், நான் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அந்தத் தகட்டை அப்போதே படித்திருந்தால் இப்போது இந்தப் பாலத்தில், இந்தக் குளிரில், இந்த வாத்துகளோடு நான் நிற்க வேண்டியதில்லை.

தை மாதம் அவள் மறுபடியும் எழுதினாள். மலருக்குக் கட்டுரை கேட்டு எல்லாப் பழைய மாணவியருக்கும் அஞ்சல் அனுப்பியிருந்தோம். பட்டத்தரசி இப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறாள். ஐம்பத்துநான்கு வயது, பெயர்ப்பலகை, இரண்டு உதவியாளர்கள். அதே கட்டுரையை அனுப்பியிருந்தாள். எட்டாம் வகுப்பு நோட்டை இத்தனை காலம் வைத்திருந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல். அப்பா காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்று மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தாள். நான் என்ன செய்தேன்? என்ன செய்வேன், பேனாவை எடுத்தேன். என் கை தானாகவே வட்டம் போட்டது. நூற்பு இயந்திரம் என்று திருத்தி நஞ்சப்பனுக்கு அனுப்பினேன். மெய்ப்பைப் பார்த்துவிட்டு அவள் தொலைபேசியில் அழைத்தாள். குரல் உயரவில்லை. "ஏனுங்க டீச்சர், நாப்பத்தொரு வருசமாச்சு. இன்னும் அதே சிவப்பு மைதானுங்களா?" "பட்டத்தரசி, அச்சில் வருவது. சான்று இல்லாத சொல்லை..." "சான்று கெடந்துச்சுங்க டீச்சர். நீங்கதான் படிக்கலை. கட்டுரை வேண்டாமுங்க, எடுத்துருங்க." வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவே இல்லை. நான் விமானம் ஏறி மகளிடம் வந்தேன். பன்னிரண்டு நாள்களுக்கு முன் கயல்மொழியோடு பேருந்தில் இந்த வழியே போகும்போது சன்னலில் இந்தப் புகைபோக்கி வந்தது. பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் எனக்குண்டு. ஏ, எல், எல், ஐ. அங்கேயே நாக்கு நின்றுவிட்டது. அல்லி. பிறகு மிச்சம் நான்கும் வந்தன. பேருந்தில் எழுந்து நின்றுவிட்டேன். "என்னம்மா, ஸ்டாப் இன்னும் வரலை," என்றாள் அவள். இந்த ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அதே நீள்வட்டத் தகடு இருக்கிறது. இந்தத் தொழிற்சாலை வார்த்து உலகெங்கும் அனுப்பிய இயந்திரங்களின் தகடு. சந்தனம் இல்லை. ஆலிஷம் என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. அதைப் படம் எடுத்தேன்; கண்ணாடியில் என் முகமும் கம்பளித் தொப்பியும்தான் விழுந்தன. எந்தக் கோணத்தில் நின்றாலும் எழுத்துகள்மேல் என் முகம்.

மூன்று மணி. கோவையில் ஏழு முப்பது. கோவை. இதோ, நானே சொல்கிறேன், கோவை. கோயம்புத்தூர் என்பது கோவை ஆனது மரூஉ. புதுச்சேரி புதுவை ஆனது மரூஉ. நீண்ட பெயரை மக்கள் தம் வாய்க்கேற்பத் தேய்த்து, திரித்து, வழங்கி வழங்கி நிலைநிறுத்துவது மரூஉ. இயல்பு வழக்கில் அதற்கு இடமுண்டு, பிள்ளைகளே, எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அந்த எண்பத்துநான்கில், அதே வகுப்பில், அதே வாரத்தில் எழுதிப்போட்டிருப்பேன். பட்டத்தரசியும் எழுதிக்கொண்டிருப்பாள், மரூஉ, எடுத்துக்காட்டு கோவை; அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் என் சிவப்பு வட்டம். ஆறுச்சாமி, பழனிச்சாமி, பொன்னுச்சாமி என்றே மனிதர்களுக்குப் பெயர் இருக்கும் ஊரில் ஆலிஷம் வந்து இறங்கினால் அல்லிச்சாமி ஆகாமல் வேறென்ன ஆகும்? இதைக் கண்டுபிடிக்கப் புலமை வேண்டுமா? காது போதும். அச்சமாக இருக்கிறது. இது ஒன்றுதானா? ஆண்டுக்கு இருநூறு பிள்ளைகள், முப்பத்துநான்கு ஆண்டுகள், எத்தனை வட்டங்கள். மில் சங்கு ஊதியது என்று எழுதினால் விட்டுவிடுவேன், சங்கு நல்ல தமிழ் என்பதால். ஒருத்தி எழுதினாள், அம்மா கழிவுப் பஞ்சை வீட்டுக்கு எடுத்து வந்து தலையணை செய்தாள் என்று. அந்தப் பஞ்சுக்கு அவள் போட்டிருந்த பெயரை அடித்தேன். என்ன பெயர் அது? நினைவில்லை. அடித்தது மட்டும் நினைவிருக்கிறது, சொல் போய்விட்டது. நான் அடித்த சொற்களெல்லாம் எங்கே போய்க் கிடக்கின்றன? ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன், இந்தப் படம் கிடைத்தால்: அல்லிச்சாமி என்று மேற்கோள்குறிக்குள் போட்டு, மேலே ஓர் உடுக்குறி இட்டு, அடிக்குறிப்பில் 'ஆலிஷம் என்னும் ஊர்ப்பெயரின் மரூஉ, படம் காண்க, பதிப்பாசிரியர்' என்று எழுதுவது. என்ன அழகான அடிக்குறிப்பு. அதைப் படிக்கும் எவருக்கும் கண்டுபிடித்தவள் நான் என்றே தோன்றும்.

"எதுக்கு இந்தப் பாடு கண்ணு, யாருக்குப் படம்?" என்று கேட்கிறார் நார்மன். சொன்னேன். என் இலக்கண ஆங்கிலத்தில், முழு வாக்கியங்களில். எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் உங்கள் ஊரின் பெயரை ஒரு கடவுள் பெயராக மாற்றிவிட்டார்கள், சரியான வடிவம் இந்தப் புகைபோக்கியில் உள்ளது, அதை நிறுவ வேண்டும். அவர் தேநீர் புரையேறச் சிரித்தார். "சரியான வடிவமா? இந்த ஊருல ஆலிஷம்னு சொல்றவங்க ரெண்டே பேருதான் கண்ணு. ரயில்ல அறிவிக்கற மிசின் பொண்ணு ஒருத்தி. ஓட்டுக் கேட்டு வர்றவன் ஒருத்தன்." "நீங்கள் என்ன சொல்வீர்கள்?" "ஆல்சம்." "என்ன?" "ஆல்சம். எங்கம்மா ஆல்சம், எங்கப்பன் ஆல்சம், கல்லறையில மட்டுந்தான் ஆலிஷம்." அந்தச் செங்கல் எழுத்தைப் பதித்த கொத்தன்கூட ஆல்சம் என்றுதான் சொல்லியிருப்பான் என்கிறார். "உங்காளுங்க என்னன்னாங்க? இன்னொருக்கா சொல்லு." அல்லிச்சாமி என்றேன். அவர் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார், அலிச்சாமி, அல்லிச்சாமி. "நல்லாயிருக்குதே. எங்களைவிட நீங்க ஒழுங்காத்தான் சொல்லியிருக்கீங்க. எழுத்து ஒண்ணும் முழுங்கலையே." பிறகு தொப்பியைத் தள்ளிவிட்டு, என்னைக் கேலி செய்யும் கண்ணோடு பார்த்தார். "ஆமா, அந்த மிசின்ல வேலை பாத்தவரு சொன்னப்போ நம்பாத நீ, செங்கல்லு சொன்னாத்தான் நம்புவியாக்கும்?"

எனக்கு அவர்மேல் கோபம், மேகத்தின்மேல் கோபம், கேமராவின்மேல், இந்த ஈரச் சுவரின்மேல். கோபம் எங்கும் நிலைக்காமல் சுற்றி வந்து அந்த வகுப்பு வாசலிலேயே நிற்கிறது. செருப்பைக் கையில் பிடித்த ஒரு மனிதர் வெளியே நடந்து போகிறார், நான் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறேன். மூன்று பதினெட்டு. பாடவேளையில் வந்து நிற்காதீர்கள். கேமராவைத் தோளில் தொங்கவிட்டேன். கைபேசியை எடுத்தேன். அழைத்தால் அவள் எடுக்கமாட்டாள். செய்தியைப் படிப்பாளோ என்னவோ. கையுறையைக் கழற்றினால்தான் எழுத்து விழுகிறது, கழற்றினால் விரல் வளையவில்லை. கண்ணாடியில் தூறல். இதற்கு முன் எவருக்கும் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடித இலக்கணத்தில் இதற்கு மாதிரி கிடையாது. எழுதினேன். 'பட்டத்தரசி, நீ எழுதியது சரி. நான் திருத்தியது பிழை. இரண்டு முறையும் பிழை. உன் அப்பா வேலை செய்தது அல்லிசாமியில்தான். அவர் படிக்கச் சொன்னபோது நான் படிக்கவில்லை. நீ இசைந்தால் கட்டுரை அப்படியே வரட்டும். மேற்கோள்குறி வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம், படமும் வேண்டாம். மங்கையர்க்கரசி.' மறுமுறை படித்துப் பார்த்துத் திருத்தும் வழக்கம் உண்டு எனக்கு, எதையும் இரண்டு முறை படிக்காமல் அனுப்பியதில்லை. படித்தால் அனுப்பமாட்டேன். அனுப்பிவிட்டேன்.

செய்திக்குக் கீழே ஒரு சாம்பல் சரிக்குறி. நெடுநேரம் அந்த ஒன்றே நின்றது. மேகத்தின் நிறம். பிறகு இரண்டானது. அவளுடைய கைபேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; மேசைமேல், பத்திரத் தாள்களுக்கு நடுவில் கிடக்கும்; ஏழு ஐம்பத்தொன்று, கடையைப் பூட்டியிருப்பாளோ, வண்டியில் போய்க்கொண்டிருப்பாளோ. சரிக்குறி போடுவது என் வேலையாக இருந்தது. அவர்கள் வரிசையில் நின்று நோட்டை நீட்டுவார்கள், என் பேனா முனையையே பார்த்துக்கொண்டு. சில சமயம் வேண்டுமென்றே தாமதிப்பேன், இன்னொரு முறை படிப்பதுபோல். அந்த நேரம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்று இப்போது தெரிகிறது. மூன்று இருபத்துமூன்று. நகைக்கடை விளம்பரம் முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஏறப் போகிறது, அட்டிகையும் ஒட்டியாணமுமாக. "குளிருதா கண்ணு?" என்கிறார் நார்மன். ஆம், குளிர்தான். மூன்று இருபத்துநான்கு. இரண்டு குறிகளும் நீலமாயின. படித்துவிட்டாள். ஒன்றும் வரவில்லை. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு, முழு உரிமையும் உண்டு. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதுகிறாள். நின்றது. பிறகு கைபேசி கைக்குள் அதிர்ந்தது.

'நஞ்சப்பண்ணன்கிட்ட நானே சொல்லிப்போட்டேனுங்க டீச்சர். கட்டுரை வருது. அப்புறமுங்க, அல்லிச்சாமிக்கு ச் விட்டுப்போச்சுங்க. பத்திரத்துல ஓர் எழுத்து விட்டா பூமியே கைமாறிப் போயிரும். பத்துத் தடவை எழுதி அனுப்புங்க.'

மேலே தள்ளிப் பார்த்தேன். அல்லிசாமியில்தான். நானா? நானேதான். ச் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் எங்கோ நெடுங்காலமாக இறுகிக் கிடந்த ஒன்று, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், மூக்கின் வழியே வந்தது. வாத்துகள் இரண்டும் திரும்பிப் பார்த்தன. சட்டம் சட்டம்தான். முதுகை நிமிர்த்தி, சுவரில் கைபேசியைச் சாய்த்து, ஒற்றை விரலால் தொடங்கினேன். அல்லிச்சாமி. ஒன்று. அல்லிச்சாமி. இரண்டு. முந்தையதை நகலெடுத்து ஒட்டினால் நொடியில் முடியும் என்று தெரியும், கயல்மொழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். என் வகுப்பில் அந்தத் தந்திரத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அல்லிச்சாமி. அல்லிச்சாமி. ஐந்தாவதை எழுதும்போது என் கையின்மேல் நிழல் விழுந்தது. வெளிச்சம் வந்தால்தான் நிழல் விழும். நார்மன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "இப்ப கண்ணு, இப்ப! எடு, எடு!" தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெயில் மலைச்சரிவிலிருந்து வழிந்து வந்து கூரைகளைத் தாண்டிப் புகைபோக்கியில் ஏறுகிறது. கீழிருந்து ஒவ்வோர் எழுத்தாக வெளுத்துக்கொண்டே போய், எட்டும் நின்றன, சுண்ணக்கட்டியால் அப்போதுதான் எழுதியதுபோல். "போயிரப் போகுது, எடு!" என்று கத்துகிறார். பொறுங்கள், இன்னும் ஐந்து இருக்கிறது, என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, நான் குனிந்து, ஆறாவது அல்லிச்சாமியின் ச்-க்குப் புள்ளி வைக்கிறேன்.